கோட்டை கட்டிய நிலாவும் ராயப்பன் சாரும்

ராயப்பன் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சேஃப்டி" என்பார். கேட்டவர்கள் அவர் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் எச்சரிப்பதுதான் அவர் வேலை. ஹெல்மெட் போடு, கையுறை மாட்டு, கிரேனுக்குக் கீழே நிற்காதே, வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே என்று ஒவ்வொரு பட்டறையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது. தொழிலாளிகள் அந்த ஹெல்மெட்டில் கேன்டீன் போண்டாவை வாங்கிவைத்துச் சாப்பிட்டார்கள். "தலையைக் காப்போம்" என்று அவர் எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே யாரோ யூனியன் தலைவரின் படத்தை ஒட்டிவைத்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டு விழாவில் மேடை நாற்காலி ஒன்றுக்கு ஒரு கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே சொன்னார். "இன்னிக்காவது சும்மா உக்காருங்க ராயப்பன்" என்று தோளைத் தட்டினார்கள். அவரைப் புகழ்ந்து பேசிவிட்டு வந்து உட்கார்ந்த அதிகாரி, நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்து திரைச்சீலைக்குள் மறைந்தார். அதிகாரிக்கு அடிபட்டது கூட ராயப்பனை வருத்தவில்லை. "ராயப்பன் அப்பவே சொன்னாரே" என்று ஒரு வாய் கூடச் சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு வலித்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மாங்காட்டைத் தாண்டி 'லேக் ப்ரீஸ் ரெசிடென்சி' என்ற அடுக்ககத்தில் வீடு வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே மனைவி ஞானகுமாரி, அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய் வரும் மகள் ரியா. அடுக்ககத்தின் பெயரில்தான் ஏரி இருந்தது. மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கிடங்குகளின் தகரக் கூரைகள் தெரியும். அவற்றுக்கு அப்பால் வேறு கிடங்குகளின் தகரக் கூரைகள் தெரியும். மழைக்காலத்தில் மட்டும், ஏரிக்குப் போகிற தண்ணீர் வழியில் இவர்கள் கார் பார்க்கிங்கில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும்.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ராயப்பன் அதில் சேர்ந்த மறுநாளே வேலையை ஆரம்பித்தார். கேஸ் டியூபை மாற்றிவிட்டீர்களா? படுக்கையில் செல்போனைச் சார்ஜ் போடாதீர்கள். பிரஷர் குக்கரின் கேஸ்கட் ஒரு வெடிகுண்டு. ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் சிவப்பு எழுத்தில் 'எச்சரிக்கை' என்றிருக்கும். பதிலுக்கு யாரோ பூங்கொத்துப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' போடுவார்கள். ஒருநாள் சங்கச் செயலாளர் சுதா லிஃப்டில் அவரைப் பிடித்துக்கொண்டார். வங்கியில் மேனேஜராக இருக்கும் பெண்மணி. யாருக்கும் வலிக்காமல் பேசத் தெரிந்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க போடறது எல்லாமே நல்ல விஷயம்தான். ஆனா காலங்காத்தால குக்கர் வெடிக்கும், ஷாக் அடிக்கும்னு படிச்சா எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்காம். வாரத்துக்கு ஒண்ணு போடுங்களேன்."

ராயப்பன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஞானகுமாரியிடம், "ஜனங்களுக்கு அக்கறை இல்ல ஞானம்" என்றார். "எனக்கும்தாங்க" என்று சொல்லிவிட்டு அவர் முருங்கைக்கீரையை உருவப் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்த சமயம். ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கரன்ட் போனது. ஜெனரேட்டரைப் போடச் சாவியைத் தேடினார்கள்; சாவி வாட்ச்மேன் பாக்கெட்டில், வாட்ச்மேன் டீக்கடையில். புழுக்கம் தாங்காமல் ஒவ்வொருவராக மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஏறியவர்கள் புழுக்கத்தை மறந்து நின்றார்கள்.

மேலே நிலாவைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். மெல்லிய வெள்ளைத் துணியில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வானம் கறுத்துக் கிடந்தது. நடுவில் நிலா தனியாக உட்கார்ந்திருந்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஞானகுமாரி, எடுத்த துணியைத் தோளில் போட்டபடி அண்ணாந்து பார்த்தார். சுதா பார்த்தார். இரண்டாம் மாடி சரண், கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினான். எல்லாருமே பார்த்தார்கள், செல்போனில் படமும் எடுத்தார்கள். படத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழுந்தது.

"நிலா கோட்டை கட்டிகீது" என்றார் ராயப்பன்.

"அது ஹேலோப்பா" என்றாள் ரியா. "ரொம்ப உயரத்துல மெல்லிசா ஒரு மேகம் இருக்கும். அதுல இருக்கற ஐஸ் துகள் பட்டு வெளிச்சம் வளையுது."

"ஐஸா? நம்ம ஐயப்பன்தாங்கல் மேல ஐஸா?"

"ஆமாப்பா. சில சமயம் பின்னாலயே மழை வரலாம், வராமலும் போகலாம்."

ராயப்பனின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அங்கேயே, இருட்டில் நின்றுகொண்டே, குழுவில் தட்டினார்: 'எச்சரிக்கை. நிலாவைச் சுற்றி வட்டம். ஓரிரு நாளில் கனமழை. கார்களை மேடான இடத்துக்கு மாற்றவும்.' சுதா சொன்ன வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. டிவியில் லேசானது முதல் மிதமானது வரை என்றார்கள்.

அடுத்த நாள் ராத்திரி ஆரம்பித்த மழை, விடிந்தும் விடவில்லை. கார் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். கார்கள் வரிசையாக மூக்கு வரை மூழ்கி நின்றன. சரணின் கார் மட்டும் அங்கே இல்லை. பூந்தமல்லியில் கொழுந்தியாளின் வளைகாப்புக்காக முந்தின நாளே அதை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். ஆனால் வளைகாப்பால் கார் தப்பியது என்று சொல்வதைவிட, "சார் சொன்னாரு, நான் கேட்டேன்" என்று சொல்வது கதைக்கு நன்றாக இருந்தது. அவன் குழுவில் அப்படித்தான் எழுதினான். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் குவிந்தன.

ராயப்பன் பால்கனியில் நின்று வெள்ளத்தைப் பார்த்தார். ஒரு மனிதனுக்கு வெள்ளத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரக்கூடாது என்று அவருக்கே தெரிந்தது. அப்போது பக்கத்தில் வந்து நின்ற ஞானகுமாரி கீழே கையைக் காட்டினார்.

"அது நம்ம ஸ்கூட்டர் கைப்பிடிதானே?"

அதுதான். ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வண்டியை மறந்துவிட்டிருந்தார். "தெரிஞ்சிதான் வுட்டேன். பரிசோதனைக்கு" என்றார் ராயப்பன். இந்தப் பதிலும் எப்படியோ வெளியே போய், அடுத்தவர் காருக்காகக் கவலைப்பட்டுத் தன் ஸ்கூட்டரைத் தண்ணீருக்குக் கொடுத்தவர் என்ற பெயரும் அவருக்குச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அவர் 'கோட்டை சார்'. லிஃப்டில் அவருக்காகக் கதவைப் பிடித்து வைத்தார்கள். இஸ்திரி போடுபவர், இன்றைக்கு மழை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் தள்ளினார். சாயங்காலம் ஆனால் ராயப்பன் முகம் கழுவி, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். பின்னாலேயே நாலைந்து பேர் ஏறுவார்கள். அவர் நிலாவைப் பார்ப்பார். அவர்கள் அவரைப் பார்ப்பார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், பார்த்த நாளெல்லாம் வட்டம் இருந்தது. அன்று போல வானத்தை அடைத்த பெரிய வட்டமில்லை. நிலாவை ஒட்டினாற்போல, ஓரத்தில் லேசாகச் சிவப்பும் நீலமும் கலந்த சின்ன வட்டம். மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்று சரண் கண்ணைக் கசக்கிக்கொள்வான்.

"பழகப் பழகத் தெரியும் தம்பி. முப்பது வருசம் சேஃப்டில இருந்த கண்ணு இது" என்பார் ராயப்பன்.

'வட்டம் தெரிகிறது. மழை உண்டு.' தினமும் இதுதான் செய்தி. ஐப்பசியில் சென்னைக்கு மேற்கே மழை வரும் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர் யாரும் கிடையாது. சொன்னதில் பாதிக்கு மேல் பலித்தது. பலிக்காத நாளில், "ஆவடிப் பக்கம் கொட்டுச்சாம் சார்" என்று யாராவது ஒருவர் செய்தி கொண்டுவந்து அவர் மானத்தைக் காப்பாற்றினார். வெயில் கொளுத்திய ஒரு நாளில் சுதாவே, "நாம எல்லாரும் எச்சரிக்கையா இருந்ததாலதான் ஒண்ணும் ஆகலை" என்று எழுதினார். மழை எப்படி எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேய்பிறை வந்தது. நிலா லேட்டாக வர ஆரம்பித்து, பிறகு வராமலே போனது. ராயப்பன் கவலையோடு மாடியில் நின்றார். அப்போதுதான் தெருமுனை விளக்கைப் பார்த்தார். அதைச் சுற்றியும் அதே வட்டம்! காற்றில் ஈரம் ஏறினால் தெருவிளக்கும் கோட்டை கட்டும் என்று அங்கேயே ஒரு சித்தாந்தத்தை உருவாக்கினார். கேட்டவர்கள் வியந்தார்கள். நிலாவை நம்பி இருந்த ஒரு சாஸ்திரத்தை மின்வாரியத்தின் கம்பம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாரே!

இதில் மகிழ்ச்சியில்லாத ஒரே ஆள் தசரதன். முதல் மாடியில் குடியிருப்பவன். செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்பது அவன் தொழில். ஒரு சனிக்கிழமை, பை நிறையக் கொய்யாப்பழத்தோடு ராயப்பன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாத்தே, நாளைக்கி சைட்டு பாக்க ரெண்டு வேன் நெறைய பார்ட்டிங்கள இட்டுகினு போறேன். அதுல பாதி நம்ம பிளாட்டு ஆளுங்க, அவுங்க சொந்தக்காரங்க. நீ பாட்டுக்கு மய வரும்னு போட்டா ஒருத்தன் வண்டி ஏற மாட்டான். கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்க."

"நிலா இன்னா சொல்லுதோ அதத்தான் நான் சொல்லுவேன் தசரதா. நிலாவ அட்ஜஸ் பண்ண முடியாது."

"நிலா அது பாட்டுக்குக் கெடக்கட்டும். மெசேஜ அட்ஜஸ் பண்ணு."

ராயப்பன் எழுந்து நின்றார். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் தான் பிறந்ததாக அவருக்குத் தோன்றியது. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லுக்கு யாரும் பழம் கொண்டுவந்ததில்லை. இன்று வந்ததைத் திருப்பி அனுப்பும் பாக்கியமும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. கொய்யாப் பையை எடுத்து தசரதன் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார். 'மிகப் பெரிய வட்டம். ஞாயிறு வெளியே போக வேண்டாம்' என்று குழுவில் போட்டார்.

ஞாயிறு அன்று மேகம் என்று பெயருக்குக் கூட ஒன்று இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. காலி வேன்கள் இரண்டும் வாசலில் நின்றுவிட்டுப் போயின. தசரதன் பால்கனியில் நின்று வானத்தையும் ராயப்பன் வீட்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த வாரம், பூந்தமல்லி மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்து, ராயப்பனும் ஞானகுமாரியும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஊறிய வண்டியை மெக்கானிக் எப்படியோ பிழைக்க வைத்திருந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. ராயப்பன் திடீரென்று பிரேக் போட்டு, நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார்.

"பாரு ஞானம்! லாரி லைட்டு கூட கோட்டை கட்டிகீது. அம்மாடி, எத்தாம்பெரிய வட்டம்! பெரிய மழ வரப்போவுது."

லாரிக்காரன் ஹாரனை அடித்து, ஒடித்துத் திருப்பி, ராயப்பனின் பரம்பரையைப் பற்றி ஜன்னல் வழியாக ஒரு வரி சொல்லிவிட்டுப் போனான். ஞானகுமாரி இறங்கி, வண்டியையும் அவரையும் ஓரத்துக்குத் தள்ளினார். கோயில் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர்.  அந்தக் குரலைத் தணித்துக் கேட்டார்.

"இன்னா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வட்டம். ஏன், உனக்குத் தெரில?"

"இல்ல. அதோ அந்த டிபன் கடை டியூப்லைட்?"

"அதுக்கும் கீது."

"மெடிக்கல் ஷாப் போர்டு?"

"கீது."

"நம்ம ஊட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு?"

ராயப்பன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குந்தான் கொஞ்ச நாளா கீது. ஊட்டுக்குள்ள ஈரம் ஜாஸ்தியாய்டுச்சு."

 ஞானகுமாரி வண்டியில் ஏற மறுத்து, ஆட்டோ பிடித்தார். ராயப்பனை ஆட்டோவுக்குப் பின்னாலேயே மெதுவாக வரச் சொன்னார்.

மறுநாள் ரியா லீவு போட்டு அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஷர்மிளா என்ற இளம்பெண். மருந்து விட்டு, கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார்.

"விளக்கைச் சுத்தி வட்டம் மாதிரி ஏதாவது தெரியுதா சார்?"

ராயப்பனுக்குப் பெருமை பொங்கியது. தன் புகழ் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார். "தெரியுதே! இப்பக்கூட உங்க டார்ச்சுல தெரிஞ்சுது. எப்ப மழைன்னு சொல்லட்டுமா?"

"மழை இல்ல சார், புரை. ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வெளிச்சம் அதுல பட்டு சிதறுது, அதான் வட்டமா தெரியுது. சின்ன ஆபரேஷன்தான், பயப்பட ஒண்ணுமில்ல."

ராயப்பன் எழுந்தார். வெளியே வந்து மர பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பார்த்த கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வானத்தில் இருப்பதாக நினைத்தது எல்லாம் தன் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. அவரை நம்பித் துணி காயப்போடாதவர்கள், வேனில் ஏறாதவர்கள், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியவர்கள் எல்லாரும் கண்முன் வந்தார்கள்.

"அன்னிக்கி... மொத நாளு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது நிஜம்தான்ப்பா. நாங்க எல்லாருமே பார்த்தோம்" என்றாள் ரியா. அது ஒன்றுதான் மிச்சம் என்பதை அவள் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஞானகுமாரி சத்தியத்தைக் காப்பாற்றினார், ரியாவும் காப்பாற்றினாள். ஆனால் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து வாங்க நின்ற இடத்தில் சரணின் மாமியார் இருந்திருக்கிறார். மறுநாள் மாலைக்குள் அடுக்ககம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ராயப்பன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். சிரிப்பார்கள். கோட்டை சார் என்று இழுத்துக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு நடித்துக் காட்டுவார்கள். இதை எல்லாம் அவர் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. சுதாவும், சரணும், இன்னும் சங்கத்தில் முக்கியமானவர்களும் நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி சோபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"கேள்விப்பட்டோம் சார்" என்று சுதா ஆரம்பித்தார். "ஆபரேஷன் அவசரமா பண்ணணும்னு ஒண்ணும் இல்லையாமே?"

"டாக்டர் சீக்கிரம் பண்ணிக்கங்கன்னாங்க."

"சீக்கிரம்னா பொங்கலுக்கு அப்புறம்கூட சீக்கிரம்தானே? இப்ப மழைக்காலம் உச்சத்துல இருக்கு. இந்த நேரத்துல போய்..."

ராயப்பனுக்குப் புரியவில்லை. சரண் விளக்கினான். "எங்க கண்ணுக்கெல்லாம் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரியுது சார். புரையோ என்னவோ, வொர்க் ஆகுதுல்ல? நல்லா ஓடிட்டிருக்கற சிஸ்டத்துல யாராவது கை வைப்பாங்களா?"

"மாடிப்படிதான் கஷ்டம்னா நாங்க கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறோம்" என்றார் இன்னொருவர்.

"ஒரு சீசன் மட்டும் சார்" என்று சுதா கெஞ்சினார்.

வெட்கப்பட வேண்டிய இடத்தில் ராயப்பனுக்கு மனம் குளிர்ந்தது. ஒரு கட்டடமே தன் கண்ணை நம்பி நிற்கிறது. ரோட்டைக் கடக்கும்போது யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் போதும். பேப்பரை ரியா படித்துக் காட்டுவாள். பொங்கல் என்ன, வெகு தூரத்திலா இருக்கிறது? "அப்படி நீங்க எல்லாரும் பிரியப்பட்டா..." என்று வாயைத் திறந்தார்.

சமையலறையிலிருந்து ஞானகுமாரி வந்தார். கையில் காப்பித் தட்டு இல்லை, கரண்டி இருந்தது.

"பிரியப்பட்டா இன்னா பண்ணுவீங்க? குருடாவீங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "லாரிக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு அழகு பாத்த ஆளுங்க இவரு. அன்னிக்கி அந்த டிரைவரு நல்லவனா இருக்கப்போயி நான் இங்க நின்னு பேசிகினு கீறேன். ஒளிவட்டம்லாம் புனிதருங்களுக்குத்தான் வரும். அதுவும் அவுங்க செத்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் வரும். எங்க ஊட்டு ஆளுக்கு இப்ப அவசரம் இல்ல."

வந்தவர்கள் எழுந்தார்கள். சுதா மட்டும் வாசலில் நின்று, "ஒரு கண்ணையாவது விட்டு வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்கு ஆதரவு தந்த ஒரே அண்டை வீட்டுக்காரன் தசரதன்தான். செய்தி தெரிந்ததும் ஓடிவந்தான். "அண்ணாத்தே, ஒண்ணும் யோசிக்காத. என் கார்லயே இட்டுகினு போறேன், இட்டுகினு வரேன். ரெண்டு கண்ணையும் பண்ணிக்க. ரெண்டும் முக்கியம்" என்றான். சொன்னபடியே விடியற்காலையில் காரைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியில் ராயப்பனைத் தியேட்டருக்குள் அழைத்துப் போன பிறகு, அவனும் வெளியே மனமார வேண்டிக்கொண்டான். சுயநலத்துக்காகச் செய்த வேண்டுதல்தான். ஆனாலும் அன்று ராயப்பனுக்காக வேண்டிக்கொண்டவர்களில் குடும்பத்துக்கு வெளியே அவன் ஒருவன்தான்.

முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த ராயப்பன் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"செவுத்துக்கு எப்ப வெள்ள அடிச்சீங்க?"

"எப்பவும் வெள்ளதான்ப்பா" என்றாள் ரியா.

இத்தனை நாள் அது சந்தன நிறம் என்றே நினைத்திருந்தார். சாமி படத்தின் கண்ணாடியில் தூசி தெரிந்தது. ஞானகுமாரியின் நெற்றியோரத்தில் புதிதாக நரை தெரிந்தது. அல்லது பழைய நரைதான், இவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அப்படிப் பாக்குறீங்க?" என்றார் ஞானகுமாரி. "ஒண்ணுமில்ல. நல்லாத் தெரியுது" என்றார் ராயப்பன். அன்று மாலை மாடிக்குப் போனார். நிலா இருந்தது, வெறும் நிலா. அதில் இருக்கும் மேடு பள்ளத்தின் சாயல் கூடத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் யாரும் ஏறி வரவில்லை.

குழுவில் மறுபடி பூங்கொத்துகள் வரத் தொடங்கின. 'சார், ஏதாவது தெரியுதா?' என்று இடையிடையே யாராவது ஏக்கத்தோடு கேட்பார்கள். 'ஒன்றும் தெரியவில்லை' என்று ராயப்பன் உண்மையை எழுதுவார். அடுக்ககமே பெருமூச்சு விடும்.

மார்கழி பிறந்த சமயத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் கீழே போனவர், மோட்டார் அறைக்கு வெளியே நின்றுவிட்டார். சுவரோரமாகப் போகும் ஒயர் ஒன்றின் மேலுறை நைந்து, உள்ளே செம்புக் கம்பி பளபளத்துக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். புதுக் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அங்கேயே நின்று எழுதினார்: 'எச்சரிக்கை. மோட்டார் ரூம் அருகே ஒயர் நைந்துள்ளது. உடனே மாற்றவும்.' வாட்ச்மேனிடம் ஒரு நாற்காலியைக் குறுக்கே போடச் சொல்லிவிட்டு மேலே வந்தார். மாலை வரைக்கும் காத்திருந்தார். ஒரு ரோஜாப்பூ வந்தது. யாரோ, தங்கள் வீட்டுக்கு நல்ல பாத்திரம் தேய்க்கும் பெண் கிடைப்பாளா என்று கேட்டிருந்தார்கள். சுதாவுக்குப் போன் செய்தார். "அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம் சார்" என்றார் சுதா.

ராயப்பன் மறுபடி போனை எடுத்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தட்டினார்.

'நிலாவைச் சுற்றி மீண்டும் வட்டம் தெரிகிறது. நெருக்கமான வட்டம். மோட்டார் ரூம் ஒயரை மாற்றாவிட்டால் பேராபத்து.'

நிமிடத்தில் குழு விழித்துக்கொண்டது. 'கோட்டை சார் திரும்பிட்டார்!' என்று சரண் எழுதினான். கைகூப்பும் படங்கள் வரிசையாக இறங்கின. சுதாவே எலக்ட்ரீஷியனை வண்டி அனுப்பிக் கூட்டிவந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே புது ஒயர் மாட்டியாயிற்று. அன்றைக்கு அமாவாசை. காலையில் விரதமிருந்து காக்கைக்குச் சோறு வைத்தவரும் இதே சுதாதான்.

ஞானகுமாரி செய்தியைப் படித்துவிட்டு நேரே கணவரிடம் வந்தார்.

"அமாவாசையில எங்கேங்க வட்டத்தப் பாத்தீங்க?"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "பாக்கல. ஒயரப் பாத்தேன். ஒருத்தரும் கேக்கல ஞானம். சனிக்கெயம கோயில் சாமியார்கிட்ட பொய் சொன்னத ஒத்துகினு பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன்."

ஞானகுமாரி இடுப்பில் கைவைத்து நின்றார். திட்டுவதற்குத்தான் வந்திருந்தார். பிறகு எதையோ யோசித்தார்.

"எப்படியும் சனிக்கெயம போய்ச் சொல்லத்தானே போறீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த லிஃப்டு நடுவுல நடுவுல நின்னு போவுதே, நாளைக்கி அதையும் சேத்து எழுதிடுங்க. ரெண்டுக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிக்கலாம்."